சாதாரண பெயிண்ட்

“சாதாரண பெயிண்ட்தான், டாக்டர்.”

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, புதுக்கோட்டையில் ஒரு டாக்டரின் அறையில் இந்த மூன்று சொற்களைச் சொன்னேன். அது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். பக்கத்து ஸ்டூலில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த ரெங்கசாமி என்ற மனிதரின் நுரையீரல் அந்தப் பொய்யால் கெட்டது. அவருக்கு வந்த இருமலுக்குக் காரணம் என்ன என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். டாக்டருக்குத் தெரியாது. ரெங்கசாமிக்கும் தெரியாது.

மினியேச்சர் பஸ் செய்கிற நண்பர்கள் குழுவில் சென்ற மாசி மாதம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் கீரமங்கலத்துக்காரர், பஸ் கண்டக்டர், ஓய்வு நாட்களில் வீட்டிலேயே சின்னச் சின்ன பஸ்கள் செய்கிறவர். “ஐயா, கடைசியா அடிக்கிற கிளாஸ் கிளியர்ல எது நல்லது? கண்ணாடி மாதிரி வரணும். அனுபவப்பட்டவங்க நீங்க எழுதணும்” என்று கேட்டிருந்தார். கூடவே ஒரு வீடியோ. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, கார்களுக்கு நிறத்தின் மேல் கடைசியாக அடிக்கிற, இரண்டு டின்னைக் கலந்து செய்யும் நிறமற்ற கிளியரை ஒரு பஸ்ஸின் மேல் அடித்துக்கொண்டிருந்தார். பஸ் நன்றாகவே மின்னியது. நான் அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன் இதை எழுதியாக வேண்டும்.

வேதியியலில் பட்டம் வாங்கி, ஆசிரியர் வேலைக்கு முயன்று, கிடைக்காமல், திருக்கோகர்ணத்தில் சவரிமுத்து சார் நடத்திய மாடல் பட்டறையில் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு என்றுதான் சேர்ந்தேன், முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். முதல் சில வருடங்கள் உப்புத்தாள் தேய்த்ததையும் பசை கலக்கியதையும் தவிர சொல்ல ஒன்றும் இல்லை.

சவரிமுத்து சார் ஆவூர்ப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பட்டறை தொடங்கியவர். அணைக்கட்டு, கோயில் கோபுரம், கல்லூரிக் கட்டடம், கப்பல், பஸ் என்று எதைக் கேட்டாலும் அளவு சுருக்கிச் செய்து கொடுப்போம். முடிந்த மாடலை அவர் பார்க்கும் விதமே தனி. மேசையின் விளிம்பில் வைக்கச் சொல்வார். எதிரே குத்துக்காலிட்டு உட்காருவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தன் கண்ணை பஸ்ஸின் ஜன்னல் உயரத்துக்குக் கொண்டுவருவார். “மேலேர்ந்து பாத்தா பொம்மை. ரோட்டுல நிக்கிறவன் கண்ணால பாத்தாத்தான் பஸ்ஸு” என்பார். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிடித்திருந்தால் “அனுப்பலாம்” என்பார். பிடிக்கவில்லையென்றால் “இன்னும் காயட்டும்” என்பார். காய்ந்து ஒரு வாரம் ஆன மாடலுக்கும் அதே சொல்தான். எங்கே தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

பட்டறையில் அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. புது டின் எது வந்தாலும் மூடியைத் திறப்பதற்கு முன் எல்லோரும் சுற்றி நிற்க வேண்டும். டின்னில் எழுதியிருப்பதையும் உள்ளே வைத்திருக்கிற தாளையும் நான் தமிழில் சொல்லி வாசிக்க வேண்டும். ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம். “டின்னுல என்ன எழுதியிருக்கு, கெமிஸ்ட்ரி?” என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பட்டறையில் என் பெயரே கெமிஸ்ட்ரி. “மாதாகோயில் பூசையில வாசகம் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறாரு பாரு” என்று ரெங்கசாமி மெல்லச் சிரிப்பார். “கேலி பண்ணாத, கேளு” என்பார் சார். அங்கே இங்கிலீஷ் தடையில்லாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

ரெங்கசாமி கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஸ்ப்ரே கன் பிடிப்பது அவர் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் வேலை பார்த்த காலம் முழுக்க அவரை நான் ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை ‘சார்’ என்றார். இதில் ஏதும் தவறிருப்பதாக அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸின் அடியில் ஒரு மரக்குச்சியை ஒட்டி இடது கையில் பிடித்துக்கொள்வார். கன்னை ஒரு சாண் தூரத்தில் வைத்து, பஸ் தொடங்குவதற்கு முன்பே விசையை அழுத்தி, பஸ் முடிந்த பிறகே விடுவார். அப்படிச் செய்தால்தான் இரண்டு முனைகளிலும் கிளியர் திரளாமல் இருக்கும். முதல் கோட்டு, அதாவது முதல் பூச்சு, வெறும் தூவல். பனி படிந்த மாதிரி இருக்கும், மின்னாது. பேர் எழுத்தும் ரூட் போர்டும் ஒட்டிய இடத்தில் அந்தத் தூவல் காய்வதற்கு முன் ஈரக் கோட்டு கொடுத்தால் எழுத்து சுருண்டுவிடும். தூவல் காய்ந்த பிறகு ஈரக் கோட்டு. அது விழும்போது மேற்பரப்பு தண்ணீர் ஊற்றியது போல ஒரு கணம் நெளிந்து, பிறகு அடங்கும். அடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். இன்னொரு தரம் ஓட்டினால் ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் கிளியர் தேங்கி நுணுக்கமெல்லாம் மூழ்கிவிடும். ரெங்கசாமி அந்தக் கணத்தைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பஸ்ஸோடும் ஒரு ஐஸ்கிரீம் ஸ்பூனுக்கும் அடித்து வைப்பார். காய்ந்ததா என்று விரல் வைத்துப் பார்ப்பது ஸ்பூனில்தான். பஸ்ஸைத் தொட்டால் சார் அன்று முழுக்கப் பேச மாட்டார்.

அப்போது நாங்கள் அடித்தது என்.சி. லாக்கர் என்ற ஒற்றை டின் கிளியர். சீக்கிரம் காயும், ஓரளவு நன்றாக மின்னும். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் பால் தெளித்த மாதிரி வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்குச் சார் ஒரு சோதனை வைத்திருந்தார். பொரித்த அப்பளம் ஒன்றை ஸ்ப்ரே அறையின் அலமாரியில் கால் மணி நேரம் வைப்பார். எடுத்து ஒடிப்பார். சடக்கென்று ஒடிந்தால் அடிக்கலாம். நமுத்து வளைந்தால் அன்றைக்குக் கிளியர் கிடையாது. ஒடிந்த அப்பளத்தை ரெங்கசாமி தின்றுவிடுவார். “இன்னைக்கு நமுத்துப் போச்சு சார், திங்கவும் லாயக்கில்ல, அடிக்கவும் லாயக்கில்ல” என்று மழை நாட்களில் வந்து சொல்வார்.

வேதியியல் படித்த எனக்கு அந்த அப்பளம் அவமானமாக இருந்தது. இதை இப்போது சொல்லத்தான் வேண்டும். நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு புரட்டாசியில் தனியார் பஸ் முதலாளி ஒருவர் வந்தார். தன்னிடம் ஓடும் பஸ்களின் மாடல் பன்னிரண்டு வேண்டும், நீண்ட நாள் வண்டி ஓட்டிய டிரைவர்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்க வேண்டும் என்றார். இரத்தச் சிவப்பு பஸ்கள். “மொகம் பாத்தா மொகம் தெரியணும்” என்றார். சார் ஊரில் இல்லாத நாள் அது. தேதி சொல்லி ஒப்புக்கொண்டவன் நான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் அப்பளம் ஒடியவில்லை. பத்தாம் நாள் சார் இல்லாத நேரத்தில் நான் ரெங்கசாமியை அடிக்கச் சொன்னேன். நான்கு பஸ்கள் பூத்துப் போயின. சிவப்பின் மேல் சாம்பல் படிந்த மாதிரி இருந்தது. சார் வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார். “அப்பளத்துக்குத் தெரிஞ்சது கெமிஸ்ட்ரிக்குத் தெரியல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே கார் பெயிண்ட் விற்கும் கடையில் இரண்டு டின் கிளியர் கிடைத்தது. ஒரு டின்னில் கிளியர், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டுக்கு ஒன்று என்று கலந்து அடித்தால் கல்லாக இறுகும், பூக்காது, கண்ணாடி போல மின்னும். பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அதை முழுக்கப் படித்தேன். கடைசியில் கட்டம் கட்டி ஒரு பத்தி இருந்தது. அதையும் படித்தேன்.

பட்டறையில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். “டின்னுல என்ன எழுதியிருக்கு, கெமிஸ்ட்ரி?”

கலக்கும் அளவை வாசித்தேன். கலந்த பிறகு எத்தனை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்பதை வாசித்தேன். காயும் நேரத்தை வாசித்தேன். கட்டம் கட்டிய பத்திக்கு வந்தேன். அதை வாசித்தால் சார் அந்த டின்னைத் திறக்கவே விடமாட்டார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மறுபடியும் அப்பளத்தை ஒடித்துக்கொண்டிருக்க வேண்டும். தாளை மடித்தேன். “மத்தபடி, நெருப்புக்கிட்ட வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்” என்றேன்.

ரெங்கசாமி கேட்டார். “மூஞ்சிக்கு ஏதும் கட்டணுமா சார்? வாடை ஒரு மாதிரியா இருக்கு.”

“ஈரத் துண்டு போதும். சாயந்திரம் வெல்லமும் பழமும் சாப்பிட்டுரு.”

பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு மாலையில் ஒரு துண்டு வெல்லமும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நெஞ்சில் ஒட்டியதை அது கழுவிவிடும் என்று நம்பினார்கள். வயிற்றுக்குப் போவது நுரையீரலைக் கழுவாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்த ஒருவன் வாயால் சொன்னதால், அந்த நம்பிக்கைக்கு ஒரு பட்டமும் கிடைத்தது.

இன்னொன்றும் செய்தேன். இந்தக் கிளியர் மெதுவாகக் காயும். காய்வதற்குள் தூசி உட்கார்ந்துவிடும். அதனால் அறையின் ஜன்னலைச் சாத்தி, வெளியே காற்றைத் தள்ளும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். தூசி போயிற்று. மற்றதெல்லாம் அறைக்குள்ளேயே தங்கியது.

பஸ்கள் மின்னின. அப்படி ஒரு மினுமினுப்பு எங்கள் பட்டறையிலிருந்து அதுவரை வெளியே போனதில்லை. முதலாளி ஒரு பஸ்ஸைத் தூக்கி அதில் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சார் மட்டும் மேசை விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “அனுப்பலாம்” என்றார். எழுந்த பிறகு, “நெசப் பஸ்ஸு இம்புட்டுப் பளபளங்காது, கெமிஸ்ட்ரி. ரோட்டுல போற பஸ்ஸு மேல கொஞ்சம் ஊரு ஒட்டியிருக்கும்” என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பஸ், கார், கப்பல் எல்லாவற்றுக்கும் இதே கிளியர்தான்.

நான்கு மாதம் கழித்து ரெங்கசாமி இருமத் தொடங்கினார். அடிக்கும்போது வராது. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது வரும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின் போது அவரே சொன்னார்.

“ஒரு வேடிக்க பாருங்க சார். ஞாயித்துக்கெழம இருமலே கெடையாது. கோயில் திருவிழாவுக்கு நாலு நாள் ஊர்ல இருந்தேன், நல்லாத் தூங்கினேன். திங்கக்கெழம இங்கிட்டு வந்தேன், சாயந்தரம் புடிச்சுக்கிச்சு.”

கட்டம் கட்டிய பத்தியில் இருந்தது இதுவேதான். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம், வந்தால் உடனே நிறுத்த வேண்டும், ஒரு முறை வந்தவர் மறுபடி அந்தக் காற்றைச் சுவாசிக்கவே கூடாது. சோற்றைப் பிசைந்துகொண்டே, “பீடியக் கொற” என்றேன்.

அவர் ஒரு நாளைக்கு நாலைந்து பீடி பிடிப்பார். அது எனக்கு வசதியாக இருந்தது. சாரிடமும் அதையே சொன்னேன். சார் கேட்டார், “புதுக் கிளியர் வந்த பொறவுதான இருமல் வந்துச்சு?” நான், “பல வருசத்துப் பீடி சார், இப்பக் காட்டுது” என்றேன். அவர், “நீங்களே கூட்டிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்றார்.

டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். “என்ன வேலை?”

“பொம்ம பஸ்ஸுக்குப் பெயிண்டு அடிக்கிறேங்க” என்றார் ரெங்கசாமி.

டாக்டர் என்னைப் பார்த்தார். “என்ன பெயிண்ட்?”

பெயரைச் சொல்லியிருந்தால் போதும். ஹார்டனர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்கும். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். “சாதாரண பெயிண்ட்தான், டாக்டர்” என்றேன். “பீடி குடிப்பார்” என்று சேர்த்தேன். அவர் அதை எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் ரெங்கசாமியை மரியாதையாக ‘குடிப்பார்’ என்று சொன்னேன். பொய்க்கு மரியாதை தானாக வருகிறது.

அதற்குப் பிறகும் நான்கு மாதம் அவர் அடித்தார்.

ஒரு புதன்கிழமை முற்பகல், பஸ் ஒன்றின் கூரைக்கு ஈரக் கோட்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது, அறைக்குள் கன் தரையில் விழும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தோம். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. இழுக்கிற மூச்சு உள்ளே போகவில்லை. இடது கை மட்டும் மரக்குச்சியை நிமிர்த்திப் பிடித்திருந்தது. பஸ் எங்கும் படவில்லை. சார் அந்தக் குச்சியை அவர் கையிலிருந்து வாங்க முயன்றார், வரவில்லை. ஆட்டோவில் ஏற்றும் வரை பிடித்திருந்தார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு எந்த வாடையும் எந்தப் புகையும் அவருக்கு ஆகவில்லை. பட்டறை வாசலில் நின்றாலே மூச்சு இறுகியது. ஊருக்குப் போய்விட்டார். அவர் மனைவி மாரிக்கண்ணு முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிறவர். வறுக்கும் புகை ஊரெல்லாம் நிற்கும். முந்திரிக் காலம் வந்தால் ரெங்கசாமி அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். வேலையும் போயிற்று, வருடத்தில் மூன்று மாதம் வீடும் போயிற்று. இதையெல்லாம் பிறர் சொல்லிக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சார் என்னைக் கூப்பிட்டார். தன் நாற்காலியில் உட்காராமல், என் எதிரே, என் முகத்துக்கு நேராகக் கண்ணைக் கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது.

“அந்த டின்னுல என்ன எழுதியிருந்துச்சு, கெமிஸ்ட்ரி?”

“அன்னைக்கு வாசிச்சதுதான் சார்.”

பஸ்ஸைப் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு எழுந்து, மிச்சமிருந்த டின்களைக் கட்டி கடைக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவர் உயிரோடு இருந்தார். அந்தப் பதினோரு வருடத்தில் எத்தனையோ புது டின்கள் வந்தன. ஒரு தடவைகூட என்னை வாசிக்கச் சொல்லவில்லை. டின் வந்தால் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் எடுக்கும் தன் பழைய நண்பரிடம் கொண்டுபோவார். மறுநாள் கொண்டுவந்து, வரி வரியாகத் தன் கையெழுத்தில் எழுதியதை அவரே எல்லோருக்கும் வாசிப்பார். நான் மற்றவர்களோடு நின்று கேட்பேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லாமலேயே அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தேன்.

மடித்த தாளை நான் எறியவில்லை. அகராதிக்குள் வைத்திருந்தேன். கண்டக்டரின் வீடியோவைப் பார்த்த பிறகு எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது, எழுத்து போகவில்லை. முதலில் கண்டக்டருக்குப் போன் செய்து, அந்தக் கிளியரை இனித் தொட வேண்டாம் என்றேன். பிறகு உட்கார்ந்து தாள் முழுவதையும் தமிழில் எழுதினேன். மறுநாள் காலை கந்தர்வக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

ஊரில் இறங்கி ரெங்கசாமி வீடு கேட்டேன். “எந்த ரெங்கசாமி? வாத்தியார் ரெங்கசாமியா, பீடி ரெங்கசாமியா?” என்று கேட்டார்கள். “பெயிண்ட் அடிச்சவர்” என்றேன். “ஆமா, பீடி ரெங்கசாமி. அந்த வேப்பமரத்து வீடு” என்று காட்டினார்கள்.

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க சார். என்ன, இம்புட்டுத் தூரம். இங்கிட்டு உக்காருங்க, அங்கிட்டு வெயில் அடிக்குது.” இரண்டு வாக்கியத்துக்கு நடுவே நிறுத்தி மூச்சு வாங்கினார். “பஸ்ஸெல்லாம் இன்னும் செய்றீங்களா?”

மாரிக்கண்ணு முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “நல்லாருக்கீங்களா சார்? இவரப் பாத்தீங்களா, எப்படி ஆயிட்டாருன்னு. அந்தப் பீடிக் கருமத்த விட்டுத் தொலைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்களும் அப்பவே சொன்னீங்களாம். கேட்டாத்தான.”

ரெங்கசாமி சிரித்தார். “ஆரம்பிச்சுட்டா.”

உட்கார முடியவில்லை. நின்றபடியே, “ஒங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு வாசிக்கணும்” என்றேன். அவரை நான் ‘நீங்க’ என்றதை அவர் கவனித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சார், வாசகமா?”

“ஆமா. அன்னைக்கு வாசிக்காம விட்டது.”

கலக்கும் அளவிலிருந்து தொடங்கினேன். சாரின் வழக்கப்படி ஒரு வரியையும் விடவில்லை. கட்டம் கட்டிய பத்திக்கு வந்தேன். “இந்த ஹார்டனரில் மூச்சுக்குழாயைக் கெடுக்கும் பொருள் உள்ளது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாமல் இதை அடிக்கக் கூடாது. சாதாரண முகமூடி போதாது. அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். இருமலோ இளைப்போ கண்டால் உடனே நிறுத்த வேண்டும். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்தும் அது வரலாம்.” வாசித்து முடித்து, பஸ்ஸில் வரும்போது இதைப் படித்ததையும், எல்லோர் முன்னிலும் இதைத் தாண்டிப் போனதையும், விசிறியை நிறுத்தச் சொன்னதையும், டாக்டரிடம் சொன்ன மூன்று சொற்களையும் வரிசையாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர்மேல் வைக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

ரெங்கசாமியின் நெஞ்சுக்குள் விசில் போல ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப பீடி இல்லியா சார்?” என்றார்.

“பீடியும் கெடுதல்தான். ஆனா ஒங்களுக்கு இது வந்தது பீடியால இல்ல.”

“நான் பீடிய விட்டுப் பதினெட்டு வருசமாச்சு.” மூச்சு வாங்கினார். “விட்டும் கொறையலையேன்னு, திருட்டுத்தனமாக் குடிக்கிறேன்னு இவ நெனப்பா. தெனம் சட்டப்பைய மோந்து பாப்பா. நானும், குடிச்ச பாவந்தான், சும்மா மோந்துக்கடின்னு விட்டுட்டேன்.”

மாரிக்கண்ணு அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினெட்டு வருசம்” என்றார். “இந்த மனுசன் சட்டைய மோந்து பாத்திருக்கேனே சார். சாப்பாடு போடறப்பவெல்லாம் திட்டிக்கிட்டே போட்டிருக்கேனே. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வியாதி வந்தவருன்னு போட்டிருப்பேனே.”

நுரையீரலைக் கெடுத்ததாக மட்டும் நினைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். ஒரு வீட்டில் தினமும் மூன்று வேளை விழுந்த சோற்றையும் நான் கெடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய எந்த டாக்டரிடமும் போக முடியாது.

மாரிக்கண்ணு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் அருகில் வைத்தார். “குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

அடுத்த வாரம் ரெங்கசாமியைத் தஞ்சாவூரில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன். “என்ன வேலை பார்த்தார்?” என்று அவர் கேட்டதும் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். படித்தார். “இருமல் வந்த உடனே நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும்” என்றார். ரெங்கசாமிக்கு அந்த வாக்கியம் புரிந்தது. எனக்கும் புரிந்தது. மருந்தை மாற்றிக் கொடுத்தார். இழந்தது திரும்பாது. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை போவதற்குள் மூன்று இடத்தில் நின்றவர், இப்போது ஓர் இடத்தில் நின்று போகிறார். கிடைத்தது அவ்வளவுதான்.

கண்டக்டர் நண்பருக்குப் பதில். வீட்டில் கிளாஸ் கிளியர் அடிப்பதானால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியரை எடுங்கள். ஒரே கோட்டில் கண்ணாடி வராது. தூவலாக ஒன்று, பிறகு மெல்லியதாக மூன்று அல்லது நான்கு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. பக்கத்தில் ஒரு ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள். அப்பளம் நமுத்தால் அன்று அடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தூசி விழுந்தால் விழட்டும், காய்ந்த பிறகு மெல்லிய உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். ஹார்டனர் கலக்கும் இரண்டு டின் கிளியரை எந்த வீட்டிலும் அடிக்காதீர்கள். துண்டு போதாது. வெல்லம் போதாது. மினுமினுப்பு கொஞ்சம் குறையும். சவரிமுத்து சார் சொன்னது போல, ரோட்டில் ஓடும் பஸ்ஸின் மேல் கொஞ்சம் ஊர் ஒட்டியிருக்கும்.

இதை எழுதத் தொடங்குவதற்கு முன் கந்தர்வக்கோட்டைக்கு மறுபடி போனேன். எழுதப் போகிறேன், உங்கள் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

ரெங்கசாமி யோசித்தார். “மாத்தாதீங்க சார். ஒங்க பேரப் போடுங்க, போடாம இருங்க, அது ஒங்க இஷ்டம். எம் பேரு இருக்கட்டும். பீடின்னு ஊரு பூராத் தெரியும். பெயிண்டுன்னும் தெரியட்டும்.”

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெளியூர்க்காரர், முந்திரிப் பருப்பு வாங்க வந்தவர். “பீடி ரெங்கசாமி வீடு இதுதானங்க?” என்று கேட்டார்.

மாரிக்கண்ணு முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பீடி ரெங்கசாமின்னு இங்க யாரும் இல்லைங்க” என்றார். “பெயிண்டு ரெங்கசாமி இருக்காரு. உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்.”

வந்தவருக்குக் காப்பி வந்தது. எனக்கு, எப்போதும் போல, செம்பில் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.